சாஞ்ச பங்களாவில் பிறந்த அண்ணன்

தார்ச்சாலை முடிந்து, அதற்கு மேல் ஜீப் மட்டும் ஏறுகிற தடமும் முடிந்து, இனிமேல் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை என்று மலையே கையை விரித்துவிடுகிற இடத்தில் தூவானப்பாறை என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரின் தலைமாட்டில், யாரோ தோளில் இடித்துவிட்டுப் போன மாதிரி கிழக்கே சாய்ந்து நிற்கிறது, வாடகைக்கு விடுகிற அந்த வீடு. கட்டும்போதே சாய்ந்ததா, கட்டி முடித்த களைப்பில் சாய்ந்ததா, யாருக்கும் தெரியாது. கூடத்தில் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தால் அது உருண்டு போய்ச் சமையலறை மூலையில்தான் நிற்கும், நாற்காலிகளுக்கெல்லாம் இரண்டு கால் நெட்டை, இரண்டு கால் குட்டை, மாடிப்படி ஏறிப் போனால் அங்கே மாடி இருக்காது, பாறைதான் இருக்கும், அந்தப் பாறையில் உட்கார்ந்து காபி குடித்தால் கீழே ஏழெட்டு ஊர் தெரியும். சாஞ்ச பங்களா என்று அதற்குப் பேர். முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் கோடையில் கிடைக்காது.

அந்த வீட்டுக்குத்தான் ஒரு மே மாதம் தேனியிலிருந்து தவமணி குடும்பம் வந்து இறங்கியது. தவமணி பெயிண்ட் கடைக்காரன், அதிர்ந்து பேசாதவன், தாய் செத்த பிறகு தாய்க்குத் தாயாக இருந்து தன்னை வளர்த்த அக்கா கோகிலா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். அந்த அக்காவும் கூட வந்திருந்தாள். பிறகு அவன் பெண்டாட்டி ஜெயக்கொடி, அப்புறம் பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கால்நடை மருத்துவம் படிக்கத் திருநெல்வேலியில் இடம் கிடைக்கிற அளவுக்கு மார்க் வாங்கி வைத்திருந்த மகள் தர்ஷிகா. பார்க்கிறவர்களுக்கு அது விடுமுறை. கோகிலாவுக்கு அது விடுமுறை இல்லை. காரின் டிக்கியில், துணிப்பைகளுக்கு அடியில், இரண்டு தாம்பாளம், தேங்காய், மஞ்சள், பூ, ஒரு பச்சைப் பட்டு எல்லாம் பத்திரமாக இருந்தன. தன் மகன் லோகேசுக்குத் தம்பி மகளைப் பேசி முடித்துவிடுவது, படிப்பாவது கிடிப்பாவது, ஊரில் வைத்துப் பேசினால் ஜெயக்கொடி நாலு பேரைக் கூட்டுவாள், மலை மேலே வைத்துப் பேசினால் யாரைக் கூட்டுவாள் என்பது அவள் கணக்கு.

ஊரிலேயே கூட ஜெயக்கொடிக்கு யார் இருந்தார்கள்? அவள் ஒற்றைப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் கோகிலா அதைக் கொண்டுபோய் முடிக்கிற இடம் ஒன்றுதான்: "உனக்குக் கேக்க யாரு இருக்கா?" கூடப் பிறந்தவன் இல்லாதவள், வாசலில் வந்து நின்று என் தங்கச்சியை ஏண்டா இப்படிப் பேசினீர்கள் என்று கேட்க ஒருத்தன் இல்லாதவள். அப்போதெல்லாம் ஜெயக்கொடி பாட்டுக்குப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவாள், அவ்வளவுதான்.

வெளிக் கேட்டிலேயே காவல்காரர் சடையாண்டி சொல்லத்தான் செய்தார். "என் பேரு சடையாண்டிங்க. உள்ள வந்தா பேரச் சொல்லியே கூப்பிடுங்க. வேற எதுவும் சொல்லிக் கூப்பிட வேணாம்." மனிதர் அடக்கமாகப் பேசுகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். தலை நரைத்த ஆளை, அதுவும் நம்மைவிட மூத்த ஆளை, மொட்டையாகப் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு வருமா? ஜெயக்கொடிக்கு வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வாசப்படி தாண்டியவள், "அண்ணே, இந்தப் பைய மட்டும் கொஞ்சம் அங்கிட்டு வச்சிருங்கண்ணே" என்றாள்.

நாமெல்லாம் சொல்கிறதுதானே. ஆட்டோக்காரருக்கு அண்ணே, டீ ஆற்றுகிறவருக்கு அண்ணே, காய்கறிக் கடையில் கறிவேப்பிலை ஓசி கேட்கும்போது அண்ணே, பேர் தெரியாது, ஊர் தெரியாது, அடுத்த தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாது, ஆனால் வாய் கூசாமல் அண்ணே. சடையாண்டி பையோடு அப்படியே நின்றுவிட்டார். "யோசிச்சுத்தான் சொன்னியாம்மா?" என்று கேட்டார். பையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்த ஜெயக்கொடி, "ஆமாண்ணே, அங்கிட்டே இருக்கட்டும்" என்றாள். ரெட்டிப்பாகச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் பால் கொண்டுவந்த சடையாண்டிக்கு ஜெயக்கொடியின் அப்பாவுடைய மூக்கு இருந்தது. முதல் நாள் அவருக்கு இருந்தது சப்பை மூக்கு. இது நீண்டு, நுனி லேசாக இடப்பக்கம் திரும்பி, உசிலம்பட்டியில் எந்தக் கூட்டத்தில் நின்றாலும் சைக்கிள் கடைப் பெருமாள் அதோ நிற்கிறார் என்று காட்டிக்கொடுக்கிற மூக்கு. காதும் அவர் காது. தொண்டையைச் செருமிவிட்டுப் பேசுகிற தோரணையும் அவருடையதே. "ஏ ஜெயம், இன்னமும் ஆறின காபியத்தான் குடிக்கிறியா" என்றபடி அவர் பாலை அடுப்படியில் வைத்தார். ஜெயக்கொடி, "ஒனக்கென்னண்ணே, நான் எப்படிக் குடிச்சா" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் யோசித்தாள், யோசிக்க யோசிக்க அப்பாவின் சைக்கிளில் முன்கம்பியில் சடையாண்டி உட்கார்ந்திருந்ததும், பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடித்து அவள் இழுத்ததும், சைக்கிள் வாய்க்காலில் சாய்ந்ததும், அதற்கு அவர் மட்டும் அடி வாங்கியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து, அடி வாங்கினதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடேயே அழுகையும் வந்தது.

தூவானப்பாறைக்கு இதெல்லாம் புதிதில்லை. அந்த வீட்டு வாசப்படிக்குள் என்ன முறை சொல்லிக் கூப்பிட்டாலும் விடிந்தால் அது பலித்துவிடும், ஏன் பலிக்கிறது என்று யாரும் கேட்டதில்லை, மழை ஏன் பெய்கிறது என்று கேட்டுக்கொண்டா குடை பிடிக்கிறோம். ஊரில் முக்கால்வாசிப் பேர் அந்த வீட்டுக்கு விறகு போடவோ, பெருக்கவோ, முட்டை கொண்டுபோகவோ போனவர்கள்தான், ஆகையால் முக்கால்வாசிப் பேருக்குக் கீழ்நாட்டில் சொந்தம் உண்டு. டீக்கடை பவுனை ஒரு காலேஜ் கும்பல் மொத்தமாக அக்கா என்று கூப்பிட்டுத் தொலைத்ததில் ஒரே ராத்திரியில் அவளுக்குப் பஸ் கொள்ளுகிற அளவுக்குத் தம்பிகள் முளைத்தார்கள், அதிலே பாதிப் பேர் இன்னமும் பரீட்சைக்கு முன்னால் போன் போட்டு அக்கா பயமா இருக்கு என்கிறார்கள். ஓட்டுக் கேட்டு வந்த ஒருத்தர் அங்கே தங்கினார், தங்கினவர் சும்மா இருக்காமல் கூடத்தில் ஊர்ப் பெண்களைக் கூட்டி வைத்து என் தாய்மார்களே என்று ஆரம்பித்தார், மறுநாள் ஊரே திரண்டு போய்ச் சாப்பிட்டியா, ஏன் இப்படி இளைச்சிட்ட, யார் கூட சேர்ந்து சுத்துற என்று கேட்ட கேள்வியில் மனுசன் அந்தத் தேர்தலிலேயே நிற்கவில்லை. வழிகாட்டியாக வந்த பெண்ணின் அப்பாவை வேடிக்கையாக மாமா என்று கூப்பிட்ட மதுரைப் பையன் ஒருத்தன் கல்யாணம் முடித்துத்தான் கீழே இறங்கினான், இப்போது நன்றாகத்தான் இருக்கிறான். அங்கிள், ஆன்ட்டி என்றால் மட்டும் அந்த வீடு அசைவதே இல்லை.

வேண்டாம் என்றால் கழற்றிவிடவும் வழி உண்டு. கிளம்புகிற அன்று, வெளிக் கேட்டைத் தாண்டுவதற்குள், கூப்பிட்டவர் அந்த ஆளின் முகத்தைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான், மூக்கு அதன் பழைய இடத்துக்குப் போய்விடும். கழற்றும்போது முகம் எரியும் என்பதால் பவுன் ஒரு செம்புத் தண்ணீரோடு கேட்டருகே வந்து நிற்பாள், ஊரும் வந்து நிற்கும், அது அவர்களுக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். சிலர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்கள். சிலர் செல்போனைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்.

"ஒன்னயும் கேட்டிருக்காகளாண்ணே?" என்றாள் ஜெயக்கொடி. பவுன் வந்து விவரமெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அண்ணனும் தங்கையும் பாறை மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனையோ பேரு கேட்டிருக்காக. ஒவ்வொரு தடவையும் முழுசாக் கழண்டு போவாது, பாத்துக்க. இந்த வலது புருவம் பரமக்குடியில ஒரு அம்மாவோடது, என்னைய மகனேன்னு கூப்பிட்டுச்சு, கையப் புடிச்சுக்கிட்டே சோறு தின்னுச்சு. அப்புறம் அதோட சொந்த மகன் வந்து கேக்கச் சொல்லிட்டான்." சடையாண்டி செருமினார். "நீயும் கேட்டுட்டுத்தான் போவ. தப்பா நெனைக்க மாட்டேன். ஆனா இருக்கிற வரைக்கும் அண்ணன்தான்."

அவர் சொன்னபடியே இருந்தார். மத்தியானம் ஒரு தார் மலைவாழைப்பழமும், காப்பிக்கொட்டையும், பவுனிடம் சொல்லி வாங்கிவரச் செய்த ஒரு நூல் சேலையும் கூடையில் வைத்து, வாசலில் நின்று, "பொறந்த வீட்டுச் சீரு, உள்ள வரலாமா" என்று கேட்டுவிட்டு வந்தார். சேலை அப்படியொன்றும் நல்ல சேலை இல்லை. ஜெயக்கொடி அதை மாறி மாறிப் பிரித்து மடித்துப் பார்த்தாள், உடனே கட்டிக்கொண்டு வந்து நின்றாள், கல்யாணத்துக்குக் கூட அவளுக்கு இப்படி மனசு நிறைந்ததில்லை. தவமணி அவரைப் பார்த்து எழுந்திருக்கவா உட்காரவா என்று தெரியாமல் அரை எழும்பலாக நின்றான். அந்தச் சாய்ந்த தரையில் அப்படி ரொம்ப நேரம் நிற்க முடியாது.

கோகிலாவுக்கு வயிறு எரிந்தது. இனியும் தள்ளிப்போட்டால் காரியம் கெட்டுவிடும் என்று மறுநாள் காலையிலேயே கூடத்தில் பாயை விரித்துத் தாம்பாளத்தை வைத்துவிட்டாள். வைத்த தேங்காய் உருண்டு சமையலறைக்குப் போனது, எடுத்து வந்து வைத்தாள், மறுபடியும் போனது. மூன்றாம் முறை அதைத் தவமணியின் மடியில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். "எல்லாம் நம்ம வீட்டுக்குள்ளதான், ஊரக் கூட்டணுமா என்ன. தர்ஷி, வந்து அத்தை பக்கத்துல உக்காரு. தட்ட மாத்திருவோம்."

"எனக்கு வேணாம் அத்தை. நான் படிக்கப் போறேன்" என்றாள் தர்ஷிகா. "சின்னப்புள்ளைய யாரு கேட்டா" என்றாள் கோகிலா. "அவளுக்கு வேணாமாம் மதினி" என்றாள் ஜெயக்கொடி. "உன்னையும் யாரும் கேக்கல" என்றாள் கோகிலா.

"என்னையக் கேக்கணும்ல" என்று குரல் வந்தது. சடையாண்டி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, நடுப்பாயில், தாய்மாமன் உட்காருகிற இடத்தில், வேட்டியை ஒதுக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "தாய்மாமன் நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். என்னைய ஒரு வார்த்த கேக்காம தட்ட மாத்துவீகளா? எந்த ஊரு வழக்கம் இது?" பிறகு மருமகளைப் பார்த்தார். "என்ன படிக்கப் போற ஆத்தா?"

"மாட்டு டாக்டருக்கு மாமா."

"நல்லதாப் போச்சு. இங்க மூட்டை சொமக்கிற குதிரைக்கு நோவு வந்தாக் கூடப் பாக்க நாதியில்ல." தவமணியின் மடியிலிருந்து தேங்காயை வாங்கித் தரையில் விட்டார். அது உருண்டு போயிற்று. "தாய்மாமன் சம்மதிக்கல. தட்டு மாறாது."

கோகிலாவின் முகத்தில் ஈயாடவில்லை. எந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு அவள் இத்தனை வருசம் ஆடினாளோ அதே வழக்கம் இப்போது எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது, அதை வெளியே போ என்று சொல்ல அவளால் முடியவில்லை. ஆனால் அவள் லேசுப்பட்டவளா? தம்பியைத் தனியாகக் கூப்பிட்டாள். கழற்றுகிற விவரத்தைப் பவுன் வாயாலேயே கேட்டு வைத்திருந்தாள். "வாடகை வீட்டுக் காவல்காரன் நமக்குச் சொந்தமா? நாளைக்குக் கேட்டுல வச்சு அவ அந்த வார்த்தையக் கேக்கணும். கேக்கலையா, அவளை விட்டுட்டு வண்டிய எடு. புள்ளைய மட்டும் ஏத்து. கீழ போயி மாத்திக்கலாம் தட்ட." தவமணி ஜெயக்கொடியிடம் வந்து, அக்கா சொன்னதை அக்கா குரலிலேயே சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் துணிமணி எடுத்து வைக்கப் போனான்.

ஜெயக்கொடி அன்றைக்குச் சமைத்தாள், பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள், சத்தம் போடாமல் கழுவினாள். கேட்டுவிட்டால் மகளுக்காகக் கேட்க ஆளிருக்காது. கேட்காவிட்டால் மகள் மட்டும் கீழே போவாள், தட்டோடு. எந்தப் பக்கம் போனாலும் கோகிலாதான் நிற்கிறாள். எப்போதும் இப்படித்தானே நின்றிருக்கிறாள் என்று நினைத்தபோது, பயத்துக்குப் பதிலாக அவளுக்குக் கோபம் வந்தது, நல்ல கோபம், ரொம்ப நாளாக வர வேண்டிய கோபம், வந்த பிறகு வயிற்றில் சுடுசோறு விழுந்த மாதிரி இருந்தது.

கிளம்புகிற அன்று காலையில் ஊர் கேட்டருகே கூடிவிட்டது. பவுன் செம்போடு நின்றாள். கார் கேட்டுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்க, தவமணி சாவியை விரலில் மாட்டிக்கொண்டு நின்றான், தர்ஷிகா அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள், கோகிலா தாம்பாளத்தை ஒரு பையில் கட்டி இடுப்பில் இடுக்கியிருந்தாள். சடையாண்டி வெள்ளை வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, தண்டனைக்கு நிற்கிறவர் மாதிரி கேட்டுக்கு உள்பக்கம் வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார். எரியும்போது கண்ணை மூடிக்கொண்டால் கொஞ்சம் தேவலை.

"ம், கேளு" என்றாள் கோகிலா.

ஜெயக்கொடி அண்ணனைப் பார்த்தாள், அந்தக் கோணல் மூக்கைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, நாத்தனார் முகத்துக்கு நேராக நின்று, சத்தமாகக் கேட்டாள்.

"நீங்க யாரு?"

அந்தக் கேள்வியை நிஜச் சொந்தக்காரரிடம் அந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை. கோகிலா வாயைத் திறந்தாள், பதில் சுடச்சுட வந்துகொண்டுதான் இருந்தது, வருகிற வழியில் எங்கேயோ கரைந்துவிட்டது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விட்டது. இறுக்கிப் பிடித்திருந்த உதடு தளர்ந்தது. இடுப்பில் இருந்த பையை எடுத்துப் பார்த்தாள், யாரோ இறக்கி வைக்கச் சொல்லிக் கொடுத்த பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நான் சும்மா சுத்திப் பாக்க வந்தேங்க. நல்ல குளுகுளுன்னு இருக்கு இந்த ஊரு" என்றாள் மரியாதையாக. "நீங்களும் சுத்திப் பாக்கத்தான் வந்தீங்களா?"

"ஆமாங்க" என்றாள் ஜெயக்கொடி.

பவுன் ஓடிவந்து கோகிலாவின் முகத்தில் தண்ணீர் தெளித்தாள், வழக்கத்தை விட முடியுமா. கோகிலா நன்றி சொல்லி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சடையாண்டி ஒரு கண்ணை மட்டும் திறந்து, மூக்கைத் தடவிப் பார்த்தார், இருந்தது, மறு கண்ணையும் திறந்தார்.

ஜெயக்கொடி இப்போது தவமணியின் பக்கம் திரும்பினாள். இத்தனை வருசத்தில் பெண்டாட்டி என்ன சொல்லப்போகிறாள் என்று அவன் காத்திருந்ததே கிடையாது, அக்கா சொன்ன பிறகு அவள் சொல்ல என்ன இருக்கப்போகிறது என்று இருந்தவன். இன்றைக்குக் காத்திருந்தான். அவளும் அவனைக் காக்கவைத்தாள், வேண்டுமென்றேதான்.

"கேட்டுறாத ஜெயம்" என்றான். "நான் இன்னாருன்னு சொல்ல எனக்கே தெரியல."

"அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்காம நிக்கிறேன். மகளக் காலேஜுல சேக்கப் போறோம். அவ மாமனும் கூட வரணும். கூப்பிடுங்க."

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. "மச்சான்" என்றான் தவமணி. முதல் தடவை குரல் எழும்பவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னான். "மச்சான், முன்சீட்டுல உக்காருங்க."

சடையாண்டி கேட்டைத் தாண்டுகிற இடத்தில் ஒரு நொடி தயங்கினார். அவர் அதைத் தாண்டி யாரோடும் போனதில்லை. எப்போதும் அங்கே வைத்துத்தான் கேட்டுவிடுவார்கள். ஜெயக்கொடி பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளினாள். வீட்டுச் சாவியைப் பவுனிடம் எறிந்துவிட்டு அவர் ஏறிக்கொண்டார்.

சுத்திப் பார்க்க வந்த அம்மாளுக்கு வண்டியில்லை என்பதால் அவளையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள், மலை மேலே பெண்பிள்ளையை விட்டுவிட்டா போக முடியும். மறுபடி சொந்தம் வேண்டுமென்றால் அடுத்த கோடைக்கு இங்கே கூட்டிவந்து மதினி என்று ஒரு தடவை கூப்பிட்டால் போகிறது. எப்போது கூப்பிடுவது என்பதை ஜெயக்கொடி முடிவு செய்வாள். வண்டி வளைவுகளில் திரும்பித் திரும்பி இறங்கியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் கொஞ்ச நேரம் மேகத்தைப் பார்த்தாள், பிறகு பக்கத்திலிருந்த பெண்ணிடம், வழியில் சந்திக்கிற எவரும் கேட்கிற மாதிரி, என்னம்மா படிக்கிற என்று கேட்டாள்.

"மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போறேங்க."

"அப்படியா" என்றாள் கோகிலா, முகமெல்லாம் சந்தோசமாக. "நல்லாப் படி தாயி. இடையில யாரு என்ன சொன்னாலும் விட்டுறாத."